எது எதைக் காக்க வைக்கிறது? கம்ப்யூட்டர் பாகங்களை விளங்கி வாங்குவது எப்படி

திருகோணமலையில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் "ஐ5ஆ, ஐ7ஆ?" என்பதுதான், அதாவது இன்டெல் நிறுவனத்துப் புரொசெசரின் தரப் பெயர். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகப்போகிற பிள்ளைக்காக வாங்குகிற பெற்றோரும் அதைக் கேட்கிறார்கள், கலியாண வீடியோ எடிட் பண்ணுகிற தம்பிமாரும் அதையே கேட்கிறார்கள். ஐ7 என்று ஸ்டிக்கர் ஒட்டிய பழைய ஒபிஸ் மெஷினைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டால், திறக்கவே இரண்டு மூன்று நிமிடம் எடுக்கிறது, குரோமில் ஐந்தாறு பக்கம் திறந்தால் மவுஸ் நகர மாட்டேன் என்கிறது. "ஐ7 இருந்தும் ஏன் இப்படி?" என்று அதற்குப் பிறகுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை வாங்குவதற்கு முதலே கேட்டால் காசு மிச்சம்.

கம்ப்யூட்டருக்கென்று ஒரு தனி வேகம் கிடையாது. கணக்குப் பார்க்கும் புரொசெசர், நடக்கிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ராம், ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க், திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் என்று நாலு பாகங்கள் ஒன்றுக்கொன்று வேலையைக் கைமாற்றிக்கொண்டே இருக்கின்றன, இதில் எது ஆகப் பிந்துகிறதோ அதற்காக மற்ற மூன்றும் சும்மா காத்திருக்கின்றன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை மூதூர்ப் பக்கம் போனவர்களுக்கு இது நன்றாக விளங்கும்: எவ்வளவு புதிய வான் வைத்திருந்தாலும், எவ்வளவு வேகமாக ஓடிவந்தாலும், துறையில் வாகனம் ஏற்றும் படகான பாதை வரும்வரை நிற்கத்தான் வேண்டும். வானை மாற்றிப் பிரயோசனமில்லை, பாலம்தான் வேண்டும். ஆகவே பாகம் வாங்குவது என்றால் முதலில் உங்கள் வேலையில் அந்தத் துறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான்.

பார்ப்பதற்கு எந்த மென்பொருளும் வாங்கத் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். இப்போது உங்களுக்கு எந்த வேலை இழுபடுகிறதோ அதைச் செய்யுங்கள், எடிட் பண்ணுங்கள், கேம் ஆடுங்கள், எக்ஸெல் ஃபைலைத் திறவுங்கள், செய்துகொண்டே அந்தப் பக்கத்தைக் கவனியுங்கள். டிஸ்க் 100 வீதத்தில் நின்று புரொசெசர் 10 வீதத்தில் சோம்பிக் கிடந்தால் குற்றவாளி டிஸ்க். மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை. கேம் ஆடும்போது ஜிபியு 95க்கு மேல் நின்றால் கிராபிக்ஸ்தான் எல்லை. புரொசெசரில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: மொத்தமாக 25 வீதம் என்று காட்டினாலும் உள்ளே ஒரு கோர் (தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) மட்டும் முழுதாக ஓடி மற்றவை சும்மா இருக்கலாம். அந்த வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து லொஜிக்கல் புரொசெசர்களாகப் பிரித்துக் காட்டச் சொன்னால் அது தெரியும். அப்படித் தெரிந்தால் கூடுதல் கோர் உள்ள சிப் உங்களுக்கு உதவாது, ஒவ்வொரு கோரும் வேகமாக உள்ள சிப்தான் உதவும்.

சரி, டிஸ்க்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பழைய மெஷின்களில் பத்துக்கு எட்டு முறைப்பாடு இங்கேதான் வந்து முடியும் என்பது என் அபிப்பிராயம். ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையிலேயே சுழலும் தட்டு. வழக்கமான டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 தரம், அதாவது செக்கனுக்கு 120 தரம் சுற்றுகிறது. ஒரு ஃபைலின் துண்டு வேண்டுமென்றால் வாசிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர வேண்டும், பிறகு அந்த இடம் சுழன்று முனைக்குக் கீழே வர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 12 மில்லிசெக்கன் ஆகும். கேட்கச் சின்ன நேரம்தான். ஆனால் 4 கிகாஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 400 கோடி துடிப்பில், ஓடுகிற புரொசெசருக்கு அந்த 12 மில்லிசெக்கன் என்பது 4 கோடியே 80 இலட்சம் துடிப்பு, அவ்வளவும் வீணாகக் கடக்கும் நேரம். விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை அங்கும் இங்குமாக வாசிக்கிறது, ஹார்ட் டிஸ்க்கோ செக்கனுக்கு நூறு துண்டைத் தருவதற்கே திணறுகிறது. சிப்பிலேயே சேமிக்கிற டிஸ்க்கான எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. சாதாரண எஸ்எஸ்டிகூடச் செக்கனுக்குப் பல்லாயிரம் துண்டுகளைத் தரும்.

அதனால் எட்டுப் பத்து வருடப் பழைய மெஷின் வைத்திருந்து கையில் காசு குறைவாக இருந்தால், விண்டோஸை ஒரு சாட்டா எஸ்எஸ்டிக்கு, அதாவது ஹார்ட் டிஸ்க் கொளுவும் அதே வகை வயரில் கொளுவுகிற எஸ்எஸ்டிக்கு, மாற்றுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கைப் படங்களும் வீடியோக்களும் சேமிக்க வைத்துக்கொள்ளுங்கள். கடையில் "சாட்டா 550 எம்பிதான், என்விஎம்இ 7000 எம்பி" என்று வித்தியாசத்தைக் காட்டுவார்கள். என்விஎம்இ என்பது பாகங்கள் எல்லாம் பொருந்தும் மதர்போர்டிலேயே நேரே குத்துகிற எஸ்எஸ்டி வகை. அந்த எண்கள் உண்மைதான், ஆனால் அவை பெரிய ஃபைலை நேர்கோட்டில் வாசிக்கும்போது செக்கனுக்கு வரும் வேகங்கள். நாளாந்தப் பாவனையில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வந்ததும் தெரிகிற மாற்றத்தோடு பார்த்தால், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் தெரிவது கொஞ்சம்தான். புது மெஷின் என்றால் என்விஎம்இயே வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் போர்டில் எஸ்எஸ்டி குத்தும் எம்.2 துளை இருந்தாலே என்விஎம்இ வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது, சில போர்டுகளில் அந்தத் துளை சாட்டாவை மட்டும்தான் ஏற்கும்.

ராமைப் பற்றி இரண்டு விடயம் தெரிந்தால் போதும். ஒன்று அளவு. ராம் நிரம்பினால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி வைத்துத் திரும்பத் திரும்ப எடுக்கத் தொடங்கும், அந்த நேரத்தில்தான் எல்லாம் இறுகிப் போகும். படிப்பு, ஒபிஸ், சூம் வகுப்பு என்றால் 8 ஜிபியில் சமாளிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. புரோகிராமிங் படிக்கிற பிள்ளை ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவும் எமுலேட்டரும் திறந்து பக்கத்தில் குரோமும் வைத்திருக்கும் என்றால் 16க்குக் கீழே வாங்கவே வேண்டாம். 4கே வீடியோ எடிட் பண்ணுகிறவருக்கு 32. இரண்டாவது, எப்படிப் போடுவது என்பது. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் ராமுக்குப் போக இரண்டு வழித்தடங்கள் உண்டு. 16 ஜிபியை ஒரே துண்டாகப் போட்டால் ஒரு தடம் மட்டும் வேலை செய்யும், இரண்டு 8 ஜிபியாகப் போட்டால் இரண்டும் வேலை செய்யும். டிடிஆர்4 3200 என்ற வகை ராமில் ஒரு தடம் செக்கனுக்கு 25.6 ஜிபி கொண்டுபோகும், இரண்டு சேர்ந்தால் 51.2. தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினில் கிராபிக்ஸும் இந்த ராமையே பாவிப்பதால், கேமில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நேரடியாகத் தெரியும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை துளை பாவனையில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கும். 2025 இறுதியிலிருந்து உலகமெங்கும் ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது, செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதுதான் முக்கிய காரணம். கடைக்காரரோடு சண்டை பிடித்துப் பிரயோசனமில்லை.

இனி அந்த ஐ7 கதைக்கு வருவோம். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள தரங்கள். தலைமுறை மாறினால் அந்த ஒப்பீடு செல்லாது. டெஸ்க்டாப் சிப்பின் பெயரில் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தைத் தள்ளிவிட்டு முன்னால் இருப்பதைப் பாருங்கள், அதுதான் தலைமுறை. ஐ7-2600 என்றால் 2ஆம் தலைமுறை, 2011ஆம் ஆண்டுச் சாமான். ஐ3-12100 என்றால் 12ஆம் தலைமுறை, 2022. இரண்டிலும் 4 கோர், 8 திரெட் (ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய வேலை வரிசைகள்). ஆனால் அந்த ஐ3யின் ஒவ்வொரு கோரும் பழைய ஐ7இன் கோரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம், மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். ஸ்டிக்கரில் 7 என்று இருப்பதற்காகக் கூடக் காசு கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்கவில்லை, அந்தக் காசு பெரும்பாலும் அடகு வைத்தோ சீட்டு எடுத்தோ வந்த காசு. இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் சிப்கள் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன, இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி என்றால் பெரும்பாலும் அதன் ரைசன் 2000 வரிசையிலிருந்து. ஆகவே இன்று செகண்ட் ஹாண்ட் வாங்கினாலும் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஆங்கில எழுத்தையும் வாசிக்க வேண்டும். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் அந்தச் சிப்புக்குள் கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்ட் போடாவிட்டால் மொனிட்டரில் ஒன்றும் வராது. கே என்றால் வேகத்தைக் கூட்டி ஓடவிடலாம், சாதாரணப் பாவனைக்கு அது தேவையில்லை. ஏஎம்டியில் ஜி என்று முடிந்தால், உதாரணமாக ரைசன் 5 5600ஜி, உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கும். ஜி இல்லாத ரைசன் 5 5600இல் அது அறவே இல்லை. ஒற்றை எழுத்தைக் கவனிக்காமல் கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பித்துவிட்டுத் திருப்பி அனுப்ப அலைகிறவர்கள் இருக்கிறார்கள். இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறையின் பெரிய ஐ7, ஐ9 சிப்களை செகண்ட் ஹாண்டில் எடுப்பதானால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்ச் சிப் மெல்ல மெல்லப் பழுதாகும் குறைபாடு 2024இல் வெளியே வந்தது. போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் மேலும் கெடாமல் தடுக்கலாம், ஏற்கனவே கெட்டது திரும்பாது.

கிராபிக்ஸ் கார்ட் எல்லோருக்கும் தேவையில்லை. படிப்பு, கணக்கு வழக்கு, யூடியூப், புரோகிராமிங், டைப்செட்டிங், இவை எல்லாவற்றுக்கும் புரொசெசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும். "ஒரு 2 ஜிபி கார்ட் போட்டால் ஸ்பீட் ஆகும்" என்று ஜிடி 730 போன்ற பழைய கார்டைத் தலையில் கட்டுவார்கள். அது 2014ஆம் ஆண்டுக் கார்ட், மேலே சொன்ன 5600ஜியின் உள் கிராபிக்ஸே அதைத் தாண்டிவிடும். கேம், முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருள், முப்பரிமாணக் கட்டட வரைபடம் என்று போகும்போதுதான் தனிக் கார்ட். அப்போதும் உங்கள் மொனிட்டரைப் பார்த்துத்தான் கார்டை முடிவுசெய்ய வேண்டும். 1080பி திரையில் சுமார் 20 இலட்சம் புள்ளி, 4கே திரையில் அதைப் போல நாலு மடங்கு, சுமார் 83 இலட்சம். ஒவ்வொரு காட்சிக்கும் அத்தனை புள்ளியையும் கணக்குப் பார்ப்பது இந்தக் கார்டுதான். சாதாரண 1080பி மொனிட்டரை வைத்துக்கொண்டு பெரிய கார்ட் வாங்குவதைவிட நடுத்தரக் கார்டோடு நல்ல பவர் சப்ளை வாங்குவது புத்தி.

கலியாண வீடியோ செய்கிறவர்களுக்கு ஒரு விடயம் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போதைய கமராக்களில் பல 10 பிட் 4:2:2 எச்.265 என்ற, நிற விபரம் கூடிய, சுருக்கிய வீடியோ வடிவத்தில் பதிவுசெய்கின்றன. இந்த வடிவத்தைத் தனி வன்பொருள் பகுதி வாசித்துக் கொடுக்காவிட்டால் டைம்லைனில் ஒவ்வொரு வெட்டுக்கும் படம் இறுகும். 12ஆம் தலைமுறை இன்டெலின் உள் கிராபிக்ஸ் அதை வாசிக்கும். என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலிருந்துதான் அந்த வசதி. ஆகவே ஆர்டிஎக்ஸ் 3060 வைத்திருந்தாலும், கூடவே எஃப் இல்லாத இன்டெல் சிப் இருப்பது எடிட்டிங்குக்குப் பெரிய உதவி. எஃப் சிப் சில ஆயிரம் ரூபாய் மலிவு என்று எடுத்தால் அந்த வசதியை இழந்துவிடுவீர்கள்.

மதர்போர்ட் வேகத்தைக் கூட்டாது, ஆனால் நாளைக்கு என்ன போடலாம் என்பதைத் தீர்மானிக்கும். புரொசெசர் குத்தும் சொக்கெட்டும் ராம் வகையும் பொருந்த வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட் டிடிஆர்4 மட்டும், 2022இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5 மட்டும், இன்டெலின் எல்ஜிஏ1700 போர்டுக்குப் போர்ட் மாறும். புதிதாகக் கட்டி நாலைந்து வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு ஏஎம்5 நல்ல தெரிவு. கையிலிருக்கிற டிடிஆர்4 ராமைக் காப்பாற்ற நினைப்பவருக்கு ஏஎம்4 இன்னும் பிழையில்லை.

பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. கேசிங்கோடு சும்மா வருகிற, 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய, தூக்கினால் பாரமே இல்லாத பெட்டிகளை நம்பிப் பெறுமதியான பாகங்களைக் கொளுவாதீர்கள். நல்ல பவர் சப்ளை மின்னழுத்தம் கூடினாலும் ஷோர்ட் ஆனாலும் தானே துண்டித்துக்கொள்ளும். மட்டமானது போகும்போது போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகும். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைச் சொல்கிறது. பிரொன்ஸ் தரத்தில் பாதிச் சுமையில் ஏறத்தாழ 85 வீதம், அதாவது பாகங்களுக்கு 300 வாட் வேண்டுமென்றால் சுவரிலிருந்து 350க்குச் சற்று மேல் இழுக்கும், மிச்சம் வெப்பமாகப் போகும். அந்த முத்திரை மட்டும் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை, பெயர் தெரிந்த நிறுவனமாகவும் குறைந்தது 3 வருட வாரண்டியோடும் இருக்கட்டும்.

கரண்ட் போய் வருவது எங்கள் ஊரில் புதிதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வெட்டியதையும் பார்த்தோம், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டதையும் பார்த்தோம். யூபிஎஸ் வாங்கும்போது விஏயையும் வாட்டையும் ஒன்றென்று நினைக்காதீர்கள், 650 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவைத்தான் தாங்கும். ஒபிஸ் மெஷினுக்கு அது தாராளம். கிராபிக்ஸ் கார்ட் போட்ட மெஷின் கேம் ஆடும் நேரத்தில் கரண்ட் போனால் யூபிஎஸ் சத்தம் போட்டு உடனே நின்றுவிடக்கூடும். மின்னழுத்தத்தைத் தானே சரிசெய்யும் லைன் இன்டராக்டிவ் வகையாகப் பாருங்கள். அதன் பட்டரி ஈயப் பட்டரி, வெப்பம் 25 பாகையைத் தாண்டி ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே யூபிஎஸ்ஸை வெயில் படுகிற ஜன்னலுக்குக் கீழேயோ கேசிங்கின் சூட்டுக்காற்று வெளியேறும் பக்கமோ வைக்காதீர்கள்.

வெப்பத்தைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்கள் சொல்வதை அப்படியே எடுக்க முடியாது. அவர்கள் குளிர்ந்த அறையில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு கூலர் புரொசெசரை அறை வெப்பநிலையைவிட 50 பாகை மேலே பிடித்து வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 22 பாகை அறையில் அது 72, கச்சான் அடிக்கிற ஆடி மாதத்தில் 35 பாகை அறையில் அதே கூலரோடு 85. இன்றைய சிப்கள் 95, 100 பாகையை நெருங்கியதும் தங்களைக் காப்பாற்றத் தாங்களாகவே வேகத்தைக் குறைத்துவிடும், அப்போது காசு கொடுத்து வாங்கிய வேகம் மத்தியானத்தில் கிடைக்காமல் போகும். முன்னால் காற்று உள்ளே வர வலைப்பின்னல், பின்னால் வெளியே போக ஒரு ஃபேன், இந்த இரண்டும் உள்ள கேசிங்காக எடுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய, லைட் மின்னுகிற கேசிங் அழகுதான், எங்கள் வெயிலுக்கு அது உதவாது.

அப்புறம் உப்புக்காற்று. டைக் வீதி, உவர்மலை, அலஸ்தோட்டம், நிலாவெளி என்று கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஃபேன் தூசியை மட்டும் இழுப்பதில்லை, உப்பையும் ஈரத்தையும் சேர்த்து இழுக்கிறது. உப்புப் படிந்த தூசி ஈரத்தைப் பிடித்து வைக்கும், செம்பில் பச்சை பிடிக்கும், ராமின் தொடுமுனைகள் சரியாகத் தொடாமல் போகும். மார்கழி மழை நாட்களில் திடீரென்று மெஷின் பீப் சத்தம் போட்டு ஓன் ஆகாமல் இருந்தால் போர்ட் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கரண்டைக் கழற்றிவிட்டு, ராமை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, துகள் துளைக்குள் விழாமல் திரும்பப் போட்டுப் பாருங்கள், பல மெஷின்கள் இதிலேயே எழும்பிவிடும். மெஷினைக் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், நிலத்திலும் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் நாளுக்குக் கொஞ்ச நேரமாவது ஓடவிடுங்கள், உள்ளே இருக்கும் இளஞ்சூடு ஈரத்தை விரட்டும். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

எங்கே வாங்குவது என்று கேட்டால், கொழும்பில் யூனிட்டி பிளாசாப் பக்கம் தெரிவு கூட, விலையும் சில வேளை குறைவு. ஆனால் பழுது என்று வந்தால் பொதியைக் கட்டி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பவர் சப்ளை, யூபிஎஸ், மொனிட்டர் போன்ற பாரமானதையும் அடிக்கடி வாரண்டிக்குப் போகக்கூடியதையும் ஊரில் வாங்குவதும், புரொசெசர், ராம், எஸ்எஸ்டி போன்றவற்றை விலை பார்த்து எடுப்பதும் நல்லது என்று நான் நினைக்கிறேன். செகண்ட் ஹாண்ட் கிராபிக்ஸ் கார்ட் என்றால் கடையிலேயே மெஷினில் போட்டு ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதிய பெயரில் விற்கிற போலிகள் உண்டு, அவற்றில் பலவற்றை அது போலி என்றே காட்டிக்கொடுக்கும். எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது, உடல்நலம் எத்தனை வீதம் என்று பாருங்கள். பிறகு மெஷினை அரை மணித்தியாலமாவது கனமான வேலையோடு ஓடவிடச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். பில்லில் "ஐ5 கம்ப்யூட்டர் 1" என்று எழுத விடாமல், ஒவ்வொரு பாகத்தின் முழு மொடல் பெயரும் சீரியல் இலக்கமும் வாரண்டிக் காலமும் எழுதி, சீல் வைத்து வாங்குங்கள்.